உர மூடைக்குள் ஐதரசன்

(மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் கரையோர நெல் விவசாயிகளும் மாவடிப்பள்ளியில் ஒன்றுகூடிய சந்திப்பில், இவ்வூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுத்தில் தருகிறோம்.)

 

மலையிலிருந்து நீண்ட பயணம் செய்து வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, எங்கள் ஊர் வேளாண்மைக்காரர்களே,

ஐதரசனைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஐதரசனில் ஓடும் ரயில், ஐதரசனில் ஓடும் கப்பல், நாளைய உலகத்தின் எரிபொருள் என்றெல்லாம் எழுதுகிறார்கள். விடியற்காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிற ஒரு தங்கச்சி, "இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

சம்பந்தம் இருக்கிறது. ஐதரசன் நாளைக்கு வரப்போகிற புதுச்சாமான் அல்ல. தோட்டத்தில் உரம் போடும் ஆட்கள் காலங்காலமாக அதைத் தோளில் சுமந்துதான் மலை ஏறியிருக்கிறார்கள். எங்கள் வட்டைகளில் வரம்பில் நின்று எங்கள் ஆட்கள் வீசுவதும் அதைத்தான். நீங்கள் உரம் என்பீர்கள், நாங்கள் பசளை என்போம். யூரியா மூடை என்றால் இரண்டு பக்கத்துக்கும் விளங்கும்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உலகம் சுத்தமான சக்திக்கு மாறும்போது, ஐதரசன் நமக்கு முதலில் தேவைப்படுவது வாகனத்துக்கு அல்ல, உரத்துக்கு. அந்த மாற்றத்தை யார் கையில் வைத்து, யாரைக் கேட்டு, எவ்வளவு காலத்தில் செய்கிறார்கள் என்பதில் உங்கள் பேரும் சம்பளமும் தொங்குகின்றன.

ஒரு மூடைக் கணக்கு

முதலில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்கமாட்டேன்.

தண்ணீர் இரண்டு பொருட்களால் ஆனது. ஒன்று ஐதரசன், மற்றது ஒட்சிசன். ஐதரசன்தான் உலகத்திலேயே பாரம் குறைந்த வாயு. அதை எரித்தால் புகை வராது, கரி வராது, திரும்பவும் தண்ணீர்தான் வரும். அதனால்தான் அதைச் சுத்தமான எரிபொருள் என்று சொல்கிறார்கள். ஆனால் ஐதரசன் தனியாக எங்கும் சும்மா கிடப்பது மிகக் குறைவு. தண்ணீரோடோ, எண்ணெயோடோ, நிலத்தடி வாயுவோடோ ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்தெடுக்கச் சக்தி செலவழிக்க வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சுத்தமும் அசுத்தமும் இருக்கிறது.

இனி உரத்துக்கு வருவோம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். பயிருக்கு நைதரசன் வேண்டும். ஆனால் தேயிலைச் செடியோ நெற்பயிரோ அதைக் காற்றிலிருந்து நேரே எடுக்க முடியாது. 1909இல் ஜேர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி, காற்றிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் கடும் அழுத்தத்தில், கடும் சூட்டில் சேர்த்து அமோனியா செய்து காட்டினார். கார்ல் பொஷ் என்பவர் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகத்தில் விற்கும் யூரியா, அமோனியம் சல்பேட் எல்லாவற்றுக்கும் வேர் அந்த அமோனியாதான்.

இப்போது 50 கிலோ யூரியா மூடை ஒன்றைக் கணக்குப் பார்ப்போம். அதில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அந்த அளவு நைதரசனை யூரியாவாக்க ஏறக்குறைய 28 கிலோ அமோனியா வேண்டும். அந்த அமோனியாவைச் செய்ய 5 கிலோ ஐதரசன் வேண்டும்.

அந்த 5 கிலோவை இன்று எங்கிருந்து எடுக்கிறார்கள்? பெரும்பாலான நாடுகளில் இயற்கை வாயுவிலிருந்து, சீனாவில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. வாயுவிலிருந்து 1 கிலோ ஐதரசன் எடுத்தால் 9 அல்லது 10 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகிறது. அப்படியென்றால், ஒரு யூரியா மூடைக்குப் பின்னால் அந்த மூடையின் எடை அளவுக்கே கரிவாயு இருக்கிறது. அதில் பெரும்பகுதி யூரியாவுக்குள்ளேயே போய் அடைந்து, நாம் மலையிலும் வயலிலும் போட்ட பிறகு வெளியே வருகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்துக் கோடித் தொன்னுக்குச் சற்றுக் குறைவான ஐதரசன் செய்கிறார்கள். அதில் சுத்தமான முறையில் செய்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் மாற வேண்டும்?

2024 நவம்பர் 26ஆம் திகதி, இந்த ஊர் வீதியில் நடந்ததை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. பிள்ளைகள் மௌத்தானார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. இங்கே அமர்ந்திருக்கும் சிலர் அந்தத் துக்கத்தோடுதான் வந்திருக்கிறீர்கள்.

ஒரு தனி வெள்ளத்தைக் காட்டி, இதற்குக் கரிவாயுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வடிகால், பாலம், சரிவில் கட்டிய லயம் என்று மனிதர்கள் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒன்று உறுதி. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால், அது ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீராவி பிறகு மழையாகத்தான் கொட்டவேண்டும். மலையில் லயத்தின் பின்சரிவிலும் இங்கே தாழ்ந்த வீதியிலும் வாழ்கிறவர்கள்தான் அதை முதலில் வாங்குகிறார்கள். ஆகவே மாற்றம் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை. நமக்குத்தான் அது மற்றவர்களைவிட அவசரம்.

எப்படி மாறக்கூடாது என்பதற்கும் நமக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது.

2021 தந்த பாடம்

2021 மே மாதம், இரசாயன உர இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. நாடு ஒரே மூச்சில் இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்றார்கள். மண்ணைக் காப்பது நல்ல நோக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கான சேதனப் பசளை எங்கே, எவ்வளவு, எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் செய்தார்கள். தேயிலை ஆராய்ச்சியாளர்களும் விவசாயப் பேராசிரியர்களும் எச்சரித்தார்கள். மலையில் உரம் போடுகிறவரையும் வயலில் விதைக்கிறவரையும் யாரும் கேட்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 29.9 கோடி கிலோ. 2022இல் அது 25.1 கோடி கிலோவாக விழுந்தது. உரமில்லாமை மட்டுமல்ல, டீசல் இல்லை, கரண்ட் இல்லை, டொலர் இல்லை, எல்லாம் சேர்ந்த வீழ்ச்சி அது. ஆனால் பட்டினி கிடந்த செடி கொழுந்து தராது என்பது உங்களுக்குத் தெரியும். கொழுந்து குறைந்தால் என்ன நடக்கும்? 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்திருந்தது. பல தோட்டங்களில் அதோடு எடுக்கவேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். செடியில் கொழுந்து இல்லை, தராசில் கிலோ போதவில்லை. முழுநாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர் போட்டார்கள். உரத்தை நிறுத்திய முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டது. அதன் கணக்கு உங்கள் செக்ரோலில் வந்து நின்றது.

எங்கள் பக்கத்திலும் அதே கதை. பெரும்போக வேளாண்மை மஞ்சளாக நின்றது. உலகச் சந்தையில் 2020இல் ஒரு தொன் யூரியா 250 டொலருக்கும் குறைவு. 2022 ஏப்ரலில், உக்ரைன் போரோடு இயற்கை வாயு விலை ஏறியபோது, அது 900 டொலரைத் தாண்டியது. 2022 ஜூனில் யூரியா வாங்குவதற்கென்றே இந்தியாவிடம் 5.5 கோடி டொலர் கடன் எடுத்தோம்.

இங்கே கவனியுங்கள். எங்கோ நடக்கும் போருக்கும் மாவடிப்பள்ளி வயலுக்கும், தலவாக்கலைத் தேயிலைக்கும் நடுவே கயிறு போட்டுக் கட்டியது எது? ஐதரசன். வாயு விலை ஏறினால் ஐதரசன் விலை ஏறும். ஐதரசன் ஏறினால் அமோனியா ஏறும். அது ஏறினால் மூடை ஏறும். மூடை ஏறினால் தோட்டக் கம்பனி உரத்தைக் குறைக்கும். உரம் குறைந்தால் உங்கள் கிலோ குறையும்.

நாங்களே உரம் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்து பார்த்திருக்கிறோம். 1980களின் தொடக்கத்தில் சப்புகஸ்கந்தையில் அரசாங்க யூரியா ஆலை ஓடியது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைக்கும் நப்தாவிலிருந்துதான் அது ஐதரசன் எடுத்தது. நப்தா விலையில் நட்டப்பட்டு, சில ஆண்டுகளிலேயே ஆலையை மூடினார்கள். யூரியா செய்யத் தெரியாததால் அது மூடப்படவில்லை. ஐதரசனுக்கு எண்ணெயை நம்பியிருந்ததால்தான் விழுந்தது.

தண்ணீரும் மின்சாரமும்

எண்ணெயும் வாயுவும் இல்லாமல் ஐதரசன் எடுக்கலாம். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் ஐதரசன் ஒரு பக்கம், ஒட்சிசன் ஒரு பக்கம் பிரியும். மின்பகுப்பு என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். அந்த மின்சாரம் ஆற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால், அதைத்தான் பசுமை ஐதரசன் என்கிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். நோர்வேயில் ருயுகான் என்ற மலையூரில், நீர்வீழ்ச்சி மின்சாரத்தில் ஐதரசன் பிரித்து, பல பத்தாண்டுகள் உரம் செய்தார்கள். இந்தியாவில் பஞ்சாப் மாநிலத்து நங்கலில் 1961இல் தொடங்கிய உர ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்துத்தான் ஐதரசன் எடுத்தது. பிறகு எண்ணெயும் வாயுவும் மலிவாகக் கிடைத்ததால் உலகம் அந்த வழியை விட்டது. இப்போது திரும்பி வருகிறது.

நமது மூடைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ ஐதரசனுக்குப் பிரியும் தண்ணீர் 45 லீற்றர். சுத்திகரிப்பில் போவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தண்ணீர் பெரிய பிரச்சினை அல்ல. மின்சாரம்தான் பிரச்சினை. 1 கிலோ ஐதரசனுக்கு 50 யுனிட்டுக்கு மேல் வேண்டும். 5 கிலோவுக்கு 250 யுனிட். அமோனியாவாக்கும் வேலையையும் சேர்த்தால் 300 யுனிட்டுக்குக் கிட்ட வரும். மாதம் 50 யுனிட் எரிக்கிற லயத்து வீடு ஒன்றுக்கு ஆறு மாதம் போதுமான மின்சாரம், ஒரே ஒரு யூரியா மூடைக்குப் போகிறது. ஆகவே மின்சாரம் மலிவாகவும் மிச்சமாகவும் இருந்தால் மட்டுமே இது கட்டும்.

மிச்சம் இருக்கிறதா? சில நேரங்களில் இருக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்துவைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். தொழிற்சாலைகள் பூட்டியிருந்தன, வெயில் கொளுத்தியது, வந்த மின்சாரத்தை வாங்க ஆளில்லை. அப்படி வீணாகும் பகல் மின்சாரத்தைப் பிடித்துவைக்க ஒரு வழிதான் ஐதரசன். ஆனால் ஒரு பெரிய ஆலை வருடத்தில் சில நாள் மிச்சத்தில் ஓடாது. இரவும் பகலும் ஓட, நாட்டில் இன்றுள்ளதைவிடப் பல மடங்கு காற்றும் வெயிலும் மின்சாரமாக வேண்டும். நாட்டு விளக்குக்கே நுரைச்சோலையில் நிலக்கரி எரிக்கும் நிலையில், முதலில் அந்த நிலக்கரியைக் குறைப்பதற்குத்தான் புதிய மின்சாரம் போகவேண்டும். அதற்குப் பிறகுதான் ஐதரசன்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வரும்போதே ஒரு தம்பி கேட்டார், "சேர், மோட்டார் சைக்கிள் ஐதரசனில ஓடுமா?" என்று. ஓட்டலாம். ஆனால் 100 யுனிட் மின்சாரத்தை ஐதரசனாக்கி, அமுக்கி, ஏற்றி, வாகனத்தில் திரும்பவும் மின்சாரமாக்கினால் கையில் மிஞ்சுவது 30 அல்லது 35 யுனிட். அதே மின்சாரத்தை நேரே பற்றரியில் ஏற்றினால் 80 யுனிட் அளவு மிஞ்சும். ஓட்டைக் கூடையில் கொழுந்து எடுப்பீர்களா? முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், வீட்டு அடுப்பு, இவற்றுக்கு மின்சாரமே நேர்வழி. அடுப்புக்கு ஐதரசன் சிலிண்டர் வரப்போகிறது என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் சூட்டுக்கும் இன்றைக்கு விறகுதான் ஓடுகிறது. அந்த விறகுக்கு மரத்தை வெட்டிய இடத்தில் திரும்ப நட்டாலே பெரிய காரியம்.

பற்றரியால் முடியாத இடங்கள் சில உண்டு. உருக்குச் செய்வது, தூரக் கடலில் போகும் கப்பல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம். இவற்றில் உரம் தனி ரகம். மற்றவற்றுக்கு ஐதரசனுக்கு மாற்று ஏதாவது கண்டுபிடிக்கலாம். அமோனியாவுக்கு ஐதரசன் எரிபொருள் அல்ல, மூலப்பொருள். மா இல்லாமல் ரொட்டி சுடமுடியாது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 2023 ஜனவரியில் இந்தியா, தேசிய பசுமை ஐதரசன் திட்டத்துக்கு 19,744 கோடி இந்திய ரூபா ஒதுக்கியது. 2030இல் ஆண்டுக்கு 50 லட்சம் தொன் செய்வது இலக்கு. 2024 பெப்ரவரியில் ஐதரசனில் ஓடும் படகொன்றைத் தூத்துக்குடியில் தொடக்கிவைத்தார்கள். 2025 ஜூலையில் சென்னைப் பெட்டித் தொழிற்சாலையில் ஐதரசன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். 2025 செப்டெம்பரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சிறு பரீட்சார்த்த நிலையம் திறந்தார்கள். அது மணிக்கு 10 கனமீற்றர் ஐதரசன் தரும். எடையில் ஒரு கிலோவுக்கும் குறைவு. நம்முடைய ஒரு யூரியா மூடைக்குரிய ஐதரசனை எடுக்க அந்த நிலையம் ஐந்தாறு மணித்தியாலம் ஓடவேண்டும். இப்போதைய அளவு இவ்வளவுதான் என்பதை அறிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

படகும் ரயிலும் படத்தில் வரும். படத்தில் வராத ஒன்றுதான் நமக்கு முக்கியம். 2025இல் இந்தியா 13 உர ஆலைகளுக்கு, ஆண்டுக்கு 7.24 லட்சம் தொன் பசுமை அமோனியா வாங்க ஏலம் வைத்தது. முதல் ஏலத்தில் கிலோ 55.75 இந்திய ரூபாவுக்கு விலை வந்தது. வாயுவிலிருந்து செய்யும் அமோனியாவைவிட இன்னும் கூடத்தான். ஆனால் முன்பிருந்த இடைவெளி சுருங்கி வருகிறது. நமக்கு மிகப்பெரிய அயல்நாடு, ஐதரசனை முதலில் உரத்துக்குத் திருப்புகிறது. நாளைக்கு நம் துறைமுகத்தில் இறங்கும் மூடையும் அந்த வழியில் வரலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போடாத மூடைக்கு ஐதரசன் தேவையில்லை. முள்முருங்கை, கிளிரிசீடியா போன்ற மரங்களின் வேர்முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் எந்த ஆலையும் இல்லாமல் காற்றிலிருந்து நைதரசனை எடுக்கின்றன. நிழல் மரத்தைப் பேணி, கொப்பை வெட்டி மண்ணில் பரப்பி, மண் பரிசோதித்து, மழை பார்த்து உரம் போட்டால் மூடை மிச்சம். பழைய கங்காணிமாருக்கு இது தெரிந்த வித்தை. இயற்கை உரமும் சுத்தமான ஐதரசனும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. 2021இல் செய்த பிழை, ஒன்றைக் கொண்டுவருமுன் மற்றதைப் பறித்ததுதான்.

யாருடைய ஆறு, யாருடைய நிலம்?

"ஐதரசன் வெடிக்கும் இல்லையா சேர்?" என்று ஒரு அக்கா கேட்டார். ஆம், எளிதில் பற்றும். காஸ் சிலிண்டரும் வெடிக்கும், அதோடு வாழப் பழகியிருக்கிறோம். ஐதரசனைவிட எனக்கு அமோனியாவைப் பற்றித்தான் கூடுதல் கவலை. அது நச்சு வாயு. 2023 டிசெம்பர் 26ஆம் திகதி இரவு, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் உர ஆலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி நடுஇரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சுத்தமான மின்சாரத்தில் செய்த அமோனியாவும் கசிந்தால் அதே அமோனியாதான். பசுமை என்று பெயர் வைத்ததால் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

நிலத்தைப் பற்றியும் பேசவேண்டும். 2023இல் இலங்கையும் ஐதரசனுக்கான தேசிய வழிகாட்டித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதற்கு வேண்டிய காற்று பெரும்பாலும் வடக்கிலும் மேற்கிலும் இருக்கிறது. மன்னார்த் தீவு மக்கள் 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். வெள்ளம் வடியாது, மீன்பிடி கெடும், எங்களைக் கேட்கவில்லை என்பது அவர்கள் வாதம். காற்றாலை வேண்டும் என்று சொல்கிற நான், அவர்களைக் கேட்டிருக்கவேண்டும் என்றும் சொல்கிறேன்.

இதை மலையக மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வறளும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். 2012இல் தலவாக்கலையில் திறந்த மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாற்று மின்சாரம் தருகிறது. அதற்காக வீடும் கடையும் இழந்து இடம் மாறியவர்களில் தோட்டக் குடும்பங்களும் உண்டு. நாட்டுக்கு நீர்மின்சாரம் கொடுத்தது உங்கள் மலை. ஆனால் அந்த மலையின் லயங்களுக்கு விளக்கு வந்தது கொழும்புக்கு வந்து எத்தனை காலத்துக்குப் பிறகு என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள்.

எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகித் தேங்குகிறது. அங்கே ஒரு சிறு மின்நிலையத்தைச் சுற்றிவிட்டு, வாய்க்கால் வழியாகச் சம்மாந்துறை, மாவடிப்பள்ளிப் பக்க வயல்களுக்கு வருகிறது. உங்கள் மலையில் மண் கரைந்தால் எங்கள் குளம் தூரும். ஒரே தண்ணீரில் வாழ்கிறவர்கள் நாங்கள். ஆகவே ஒரே குரலில் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. உங்கள் சங்கத்தின் முன் அவற்றை வைக்கிறேன்.

சங்கம் கேட்க வேண்டியவை

முதலாவது, உரம் பற்றிய எந்தக் கொள்கை மாற்றமும் தொழிற்சங்கத்தையும் விவசாயி அமைப்பையும் மேசையில் இருத்திப் பேசாமல் வரக்கூடாது. மாற்று உரம் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பழையதை நிறுத்தவேண்டும்.

இரண்டாவது, உரம் போடாததால் அல்லது குறைத்ததால் கொழுந்து விழுந்தால், அந்த நட்டத்தைக் கிலோக் கணக்கில் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. உரம் போட்ட திகதி, அளவு, மலை இலக்கம் எல்லாம் தோட்டத்தில் பதிவாகிறது. கூட்டுப் பேச்சுவார்த்தையில் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். "கை ஓடவில்லை" என்று சொல்லும்போது "உரம் போட்டீர்களா?" என்று கேட்க உங்களிடம் கடதாசி இருக்கவேண்டும்.

மூன்றாவது, உரம் போடுகிறவருக்குக் கையுறை, சப்பாத்து, முகமூடி, வேலை முடிந்து கழுவத் தண்ணீர். ஐதரசன் எந்த நிறத்தில் வந்தாலும் மூடையைப் பிரித்துக் கையால் அள்ளுகிறவர் நீங்கள்தான்.

நான்காவது, தோட்டத்து நிலத்தில் சோலாரோ காற்றாலையோ வேறெந்தச் சக்தித் திட்டமோ வருவதாயின், முதலில் அந்த நிலத்தில் பரம்பரையாக வாழும் குடும்பங்களின் வீட்டு நில உறுதி. இருநூறு வருடமாகக் காணி இல்லாத மக்களைத் தாண்டி, இருபது வருடக் குத்தகைக்காரருக்கு நிலம் போகக்கூடாது. திட்டம் வந்தால் அதில் வேலையும் மின்சாரத்தில் பங்கும் அவர்களுக்கே முதலில்.

ஐந்தாவது, பிள்ளைகள். மின்பகுப்புக் கலத்தைப் பொருத்தவும், குழாய்க் கசிவைப் பார்க்கவும், சோலாருக்கு வயர் இழுக்கவும் ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்படுவார்கள். மலையகப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, தொழில்நுட்பப் பிரிவுகள் எத்தனை இருக்கின்றன? ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா? ஒரு பற்றரியும் இரண்டு பென்சில் கரிக்கம்பியும் ஒரு கிளாஸ் உப்புத் தண்ணீரும் போதும், ஐதரசன் குமிழி வருவதைப் பிள்ளைக்குக் காட்டலாம். சன்னலைத் திறந்துவைத்து, ஆசிரியர் பக்கத்தில் நின்று செய்யவேண்டும். அதையும் காட்டாத பாடசாலையிலிருந்து வரும் பிள்ளை, நாளைய ஆலையிலும் மூடை தூக்கத்தான் போகும்.

சகோதரர்களே, 2021இல் நம்மிடம் சாட்டுச் சொல்ல இடம் இருந்தது. திடீரென்று வந்தது, நமக்குத் தெரியாது என்றோம். ஐதரசன் விஷயம் அப்படியல்ல. அது மெதுவாக, பத்து இருபது வருடத்தில், கண் முன்னால் வரும். கேள்வி கேட்கக் காலம் இருக்கிறது. அடுத்த தடவை தோட்டத்துக்கு உர லொறி வரும்போது மூடையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறது, நைதரசன் எத்தனை வீதம் என்று பாருங்கள். பார்த்ததைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், சங்கக் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

 சாப்பாடு ஆறமுதல் எழும்புவோம். கேள்விகள் இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.